பாலத்தடியில் நின்ற பரிசல்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறவள் நான். நீங்களும் நம்பப்போவதில்லை, தெரியும். சிரிப்பதென்றால் கேட்டு முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

உத்தமபாளையத்துக்குக் கீழே முல்லையாறு இரண்டாகப் பிரிகிற இடத்தில், நடுவே கிடக்கிற தீவு எங்கள் ஊர். தென்னந்தோப்பும் ஏழெட்டு வீடும்தான். அக்கரையில் நின்று கூப்பிட்டால் வீட்டு ஆள் பரிசல் கொண்டுபோக வேண்டும். என் வீட்டுக்காரர் ரங்கூன் அரிசி ஆலைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "பாலம் போடப் போறாகளாம் புள்ள. திரும்பி வந்து ஒன்னைய வண்டியில வச்சு அதுமேல கூட்டிப் போறேன்" என்றார். பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் குண்டு போட்டான், அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து பாலம் மட்டும் வந்துவிட்டது.

"மதினி, ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவகளும் வந்து சேந்துட்டாக. அண்ணனுக்குக் காரியத்தப் பண்ணிருவோம்" என்றான் என் கொழுந்தன். தாலியை இறக்க நாளும் குறித்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம். அக்கரைப் பழைய துறையிலிருந்து அவர் குரல். "ஏ புள்ள, பரிசலக் கொண்டா!"

பாலம் வந்தபிறகு அங்கே நின்று யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்குத்தான் பாலம் வந்ததே தெரியாதே. கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒற்றை ஆள் துடுப்புப் போட்டால் அது ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும், சுற்றியபடியேதான் போய்ச் சேர்ந்தேன். துறையில் ஒருவருமில்லை. அழுகை வந்துவிட்டது. "வந்து ஏறுங்க" என்றேன், வெறும் கரையைப் பார்த்து.

பரிசலின் எதிர்ப்பக்கம் அமுங்கியது. வீரபாண்டி ஆத்தா மேல் சத்தியம். திரும்பும்போது அது சுற்றவே இல்லை, எதிரே ஆள் உட்கார்ந்தால் எப்படி மட்டமாகப் போகுமோ அப்படிப் போனது. பேசினால் போய்விடுவாரோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. துறைக்குச் சற்றுக் கீழே இருக்கிற பாலத்தடிக்கு வந்ததும், அத்தனை இழுப்புள்ள தண்ணீரில் பரிசல் அப்படியே நின்றது. துடுப்பு என் மடியில் கிடந்தது. அவர் அண்ணாந்து பாலத்தைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமோ. பிறகு எதிர்ப்பக்கம் படக்கென்று எழும்பியது, பரிசல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

காரியம் பண்ண நான் விடவில்லை. பாலத்தில் நடக்கும்போது இன்றைக்கும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். வந்தது ஆவி என்கிறான் கொழுந்தன். இருக்கட்டும். செத்தவருக்கு எடை இருக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்.