இன்னும் ஒரு நட்டு

ஒரு பொருள் கெட்டுப்போய்க் கிடந்தால் இராஜாங்கத்துக்குச் சோறு இறங்காது. பாபநாசத்துக்கு வடக்கே வாய்க்காலை ஒட்டியிருக்கும் அந்த ஊரில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், எவர் வயலில் மோட்டார் உறுமினாலும், முதலில் ஆள் போவது அவரைத் தேடித்தான். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேன். கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் சேற்றில் நின்று கம்பம் நட்டுவிட்டு, இருபத்து மூன்று நாள் கழித்து வீடு திரும்பினார். வந்த மனுஷன் குளித்தாரா, படுத்தாரா? கொல்லையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த நட்டை முடுக்கினாலும் ஸ்பேனரால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் கையை எடுப்பார். கம்பத்திலிருந்து இறங்கி, சைக்கிளில் பாதி தூரம் வந்து, சந்தேகப்பட்டுத் திரும்பப் போய் ஏறியதெல்லாம் நடந்திருக்கிறது. உள்ளூர் அங்கன்வாடியில் டீச்சராக இருந்த அவர் மனைவி அம்சவல்லி இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.

“கல்யாணத்தன்னிக்குத் தாலி முடிச்சையே ரெண்டு தடவ இழுத்துப் பாத்த ஆளு. எனக்கு மூச்சு முட்டிப் போச்சு” என்பாள். இராஜாங்கமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பெருமைதான்.

அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர். அந்தத் தெருவில் முதன்முதலாக வந்து நின்ற கார் இராஜாங்கத்துடையது. கும்பகோணத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓட்டித் தேய்த்த எஸ்யூவி. இரண்டு பேருக்கு இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று ஊர் கேட்டபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் செம்மொழி வந்தால் உட்கார வேண்டாமா என்றார். அவள் வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். மற்ற நாளெல்லாம் வண்டியைத் துடைப்பதே அவருக்கு வேலை.

அந்த வண்டிக்கு இப்போது உண்மையாகவே ஒரு வேலை வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் அம்சவல்லிக்கு மார்பில் வந்து, ஆபரேஷன் செய்து, தொலைந்தது சனியன் என்று எல்லோரும் நம்பியிருந்த நோய், போன கார்த்திகையில் இடுப்பு எலும்பில் தலைகாட்டியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். சீட்டில் கதிர்வீச்சு என்றுதான் எழுதியிருந்தது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் சனங்கள் சொல்வது கரண்ட்.

“ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தீங்க. கடைசில எனக்கே கனெக்‌ஷன் குடுக்கறாங்க” என்றாள் அம்சவல்லி.

டாக்டர் சின்ன வயசுப் பெண். முகத்தைப் பார்த்துப் பேசினார். “அஞ்சாறு நாள்ல வலி குறைய ஆரம்பிக்கணும்மா. குறையலைன்னா மறைக்காம சொல்லுங்க. வேற மாதிரி யோசிக்கணும்.”

அந்த ‘வேற மாதிரி’ என்ன என்று இராஜாங்கம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் பயமில்லாமல் நின்றவர், அந்தப் பெண்ணின் மேஜைக்கு முன்னால் கையிலிருந்த சீட்டை மடித்தும் பிரித்தும் உட்கார்ந்திருந்தார்.

திங்கள் முதல் வெள்ளி வரை முதல் அஞ்சு நாள். அம்சவல்லியால் இடுப்பை மடக்கிக் குனிய முடியாது. உயரமான சீட் என்பதால் நின்ற வாக்கிலேயே சாய்ந்து ஏறிக்கொள்வாள். ஊர் இப்போது கேள்வி கேட்கவில்லை. ஆனால் வண்டி அவளைப் படுத்தி எடுத்தது. மாசி மாதம், அறுப்பு முடிந்த நேரம். பாதிச் சாலையில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்கு ஒதுங்கினால் சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கும். இறங்கிய வண்டி ஒரு ஆட்டத்தோடு நிற்காமல் மூன்று நாலு முறை குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொள்வாள்.

“வலிக்குதா?” என்பார் இராஜாங்கம்.

“வலி பாதி போயிருச்சுங்க. ஒங்க வண்டிதான் தூக்கித் தூக்கிப் போடுது.”

இதைவிட நல்ல செய்தி உண்டா? வலி போய்க்கொண்டிருக்கிறது, பாக்கி இருப்பது வண்டியின் குற்றம். வண்டி என்றால் அவர் பார்த்துக்கொள்வார். புதன்கிழமை இரண்டு மூட்டை நெல்லைத் தூக்கிப் பின்னால் போட்டார். பாரம் இருந்தால் வண்டி குதிக்காது என்பது டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கணக்கு. எதிர்வீட்டு மலர்க்கொடி, “என்னண்ணே, கொள்முதலுக்கு அண்ணியையும் சேத்து எடை போடப் போறீங்களா?” என்று கேட்டாள். வண்டி அன்றைக்கும் குதித்தது, கொஞ்சம் கனமாக. வியாழக்கிழமை டயரில் காற்றைக் குறைத்தார். அதுவும் எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும், முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு எடுத்தார். வண்டி தலையாட்டிக்கொண்டே இருந்தது. படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். முன்னால் ஸ்பிரிங்குக்குள் நின்று குலுக்கலைத் தாங்கும் ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. பின்னால் ஷாக் அப்சார்பர் இரண்டும் வெறும் குழாய். இராஜாங்கத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாலு வருஷமாக யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது என்று தெரியாமல் இருந்தவர், கடைசியில் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டார்.

ராஜகிரியில் ஷெட் வைத்திருக்கும் அஸார் அவருக்கு வேண்டியவன். “வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே. மூணு நாள்ல முடிச்சுத் தர்றேன். கைல ரெண்டு வண்டி பிரிச்சுக் கெடக்கு” என்றான்.

“மூணு நாளு ஏதுப்பா? திங்கக்கெழம காலைல ஏழு மணிக்குக் கெளம்பணும்.”

“என் காரை எடுத்துக்கங்க.”

“அது தரையோட தரையா இருக்கு அஸாரு. அவளால குனிஞ்சு ஒக்கார முடியாது.”

அஸார் நாலு புது ஷாக்கையும் எடுத்து வைத்தான். “பின்னாடி ரெண்டும் நீங்களே மாட்டிருவீங்க. முன்னாடி உள்ளத ஸ்பிரிங்கோட அப்படியே கழட்டி இங்க கொண்டாந்துருங்க. நான் அமுக்கி மாத்தித் தர்றேன். வீட்டுல அந்த நடு நட்டுல மட்டும் கை வச்சிராதீங்கண்ணே. ஸ்பிரிங்கு தெறிச்சா ஆளு தப்பாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு வாசலில் ஆரம்பித்துவிட்டார். அம்சவல்லி முதுகுக்குத் தலையணை வைத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மேற்பார்வையாம். ஜாக்கியை வைத்துத் தூக்கினால் வண்டி மேலே போவதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் போனது. ஆற்று வண்டல் அப்படி. உழவுக்குப் பின் வயலைச் சமன் செய்யும் பரம்புப் பலகையை மாட்டுக்கொட்டகையிலிருந்து இழுத்து வந்து அடியில் கொடுத்தார்.

“பரம்படிக்கப் போறீங்களா?”

“நீ சும்மா இரு.”

கழற்றின இடத்திலேயே திரும்பப் பொருந்தவேண்டும் என்று, அவளுடைய அங்கன்வாடி சாக்பீஸை வாங்கி ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார். இரண்டு போல்ட் துருவேறிப் பிடிவாதம் பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டார், சுத்தியால் தட்டினார், கெஞ்சினார், திட்டினார். கை வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. பத்து மணிக்கு இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு ராஜகிரிக்குப் போனார். அஸார் ஸ்பிரிங்கைக் கவ்வியில் மாட்டி அங்குலம் அங்குலமாக அமுக்கி, பழையதை உருவிப் புதியதைச் சொருகிக் கொடுத்தான். “டீச்சரம்மாவக் கேட்டேன்னு சொல்லுங்க” என்றான். அவனுடைய பிள்ளைகள் இரண்டும் அவளிடம் ‘அ’ எழுதப் படித்தவர்கள்.

திரும்பி வந்து மாட்டிக்கொண்டிருந்தபோது அம்சவல்லி எழுந்து உள்ளே போனாள். வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பத்தடி இருக்குமா? அதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். மூன்றாவது முறை நிலைக்கதவைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டதை அவர் வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தார்.

“என்னாச்சு?”

“ஒக்காந்தே இருந்தேன்ல. காலு மரத்துப் போச்சு.”

அப்படித்தான் இருக்கும் என்று மோரைக் குடித்தார். மனசு என்பது வேண்டியதை மட்டும் கேட்கும். பாவம், அவரைச் சொல்லி என்ன குற்றம்?

வெயில் தாழ்ந்தபோது நாலும் ஏறிவிட்டது. ஒவ்வொரு நட்டாக முடுக்கி, இரண்டு தட்டுத் தட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.

“எல்லாம் தட்டியாச்சா?” என்றாள் அம்சவல்லி.

“ஒன்னு பாக்கி இல்ல. இங்க பாரு.” மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி ஒரு முறை எழுந்து அப்படியே நின்றது. அவள் கைதட்டினாள். அன்றைக்கு அந்த மனுஷன் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினார் என்கிறீர்கள்!

திங்கட்கிழமை டயரில் காற்றையும் சரியாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். ஊர் எல்லையில் வேகத்தடை. வண்டி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. நெல்லுக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கியபோதும் ஒரே அமுக்கு, அதோடு சரி.

“எப்படி?” என்றார்.

“தூளி மாதிரி இருக்குங்க.”

அவருக்கு வாய் கொள்ளவில்லை. ஸ்ட்ரட் எப்படி வேலை செய்கிறது, எண்ணெய் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று விளக்கிக்கொண்டே போனார். அவள் ‘ம்’ கொட்டினாள். அய்யம்பேட்டை தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறினார்கள். புதிதாகப் போட்ட சாலை. தரையில் சோற்றைப் போட்டு அள்ளித் தின்னலாம், அவ்வளவு வழுவழுப்பு.

அங்கேதான் அம்சவல்லியின் கை விருட்டென்று மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

இராஜாங்கம் சாலையைப் பார்த்தார். பள்ளம் இல்லை. மேடு இல்லை. ஒரு கூழாங்கல்கூட இல்லை.

“ஒங்க வண்...” என்று ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டாள். சொல்வதற்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருக்கு அப்போது எல்லாம் விளங்கியது. மோர்ச் சொம்போடு நின்ற மூன்று இடமும், அஞ்சு நாளும் அவள் பிடித்த கைப்பிடியும் விளங்கின. வலி குறையவே இல்லை. அவர் பயப்படக்கூடாதே என்று அவள் சாய்ந்துகொள்ள இருந்தது வண்டியின் ஆட்டம் ஒன்றுதான். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடுபட்டு, தோல் உரிய, இவரே கழற்றி எறிந்துவிட்டார். இனி எந்த ஸ்பேனரை எடுப்பார்? எந்தப் பக்கம் படுத்துப் பார்ப்பார்?

ஒரு கிலோமீட்டர் தாண்டியது.

“அம்சா” என்றார். “பின்னாடி எடது பக்கம் ஒரு நட்டு சரியா முடுக்கலன்னு நெனைக்கிறேன். அதான் தூக்குது.”

அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீங்களா?” என்றாள்.

“மறந்துட்டேன்.”

“வயசாயிருச்சுல்ல” என்றாள். “சாயந்தரம் பாருங்க.”

“பாக்குறேன்.”

அந்த வழுவழுப்பான சாலையில், மேட்டிலும் பள்ளத்திலும் போவது போல இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினார். பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்துச் சலித்துப்போய் விலகிப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டதும் அம்சவல்லி புருஷன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். “வண்டிய நெழல்ல விட்டுட்டு வந்துர்றேன்” என்று இராஜாங்கம் எழுந்து வெளியே வந்தார். வண்டி நிழலில்தான் நின்றிருந்தது. டாக்டர் அறைக் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு, அவள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கட்டும் என்று நடைக்கூடத்தின் கடைசிவரை போய் நின்றுகொண்டார். அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது. என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. புதன்கிழமை மறுபடி ஸ்கேன் என்று மட்டும் அவளே சொன்னாள்.

சாயந்தரம் பரம்புப் பலகையைப் போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்பக்கம் இடது சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தார். அம்சவல்லி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நட்டு நேற்று வைத்த இடத்தில், சாக்பீஸ் கோட்டுக்குள், மயிரிழை பிசகாமல் இருந்தது. ஸ்பேனரை அதில் பொருத்தினார். அசையவில்லை.

“கெடச்சுதாங்க?”

“கெடச்சுது.”

அவளுக்குக் கேட்கும்படி அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நாளைக்குத் தூக்காதுல்ல?”

“தூக்காது” என்றார் இராஜாங்கம். முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், வண்டிக்கு அடியிலிருந்து அவர் உடனே வெளியே வரவில்லை.