அவிச்ச மாவில் ஒரு கிரம்பிள்

மீசை முழுக்க மா. கை முழுக்க மாஜரின். வீடெல்லாம் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கறுவாவும் வேகிற வாசம்... அந்தக் கோலத்தில்தான் பக்கத்து வீட்டுப் பரமண்ணை என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மனிசி சமைக்க மாட்டன் எண்டிட்டாவோ?"

"மனிசி இல்லை அண்ணை. மகள் கதைக்கிறாள் இல்லை."

உண்மைதான். கொழும்பில் பேக்கரி வேலை படிக்க மகள் தர்சினிக்கு இடம் கிடைத்திருந்தது. "ஏன், எங்கடை உரும்பிராயிலை அடுப்பு இல்லையோ?" என்று கேட்டுத் தொலைத்தேன். நாலு நாளாக என்னோடு ஒரு சொல் இல்லை.

ஓஎல் சோதனையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மன்னிப்புக் கேட்கச் சொல் வராது. அவளுடைய சமையல் கொப்பியை எடுத்தேன். அவளுக்குப் பிடித்த கிரம்பிள் என்ற பலகாரம் அதில் இருந்தது. கீழே பழம், மேலே மா, மாஜரின், சீனி பிசறித் தூவி ஓவனில் சுடவும். இவ்வளவுதானே!

சுட்டேன். மேல்மா சிவக்கவே இல்லை. வெள்ளை மணலாகக் கிடந்தது.

அறை வாசலில் அவள் நின்றாள்.

"எந்த டின்னிலை மா எடுத்தனீங்கள்?"

"மேல் தட்டிலை... பெரிய டின்."

"ஐயோ அப்பா! அது இடியப்பத்துக்கு அம்மா அவிச்சு அரிச்சு வைச்ச மா. பச்சை மாவெல்லோ போடவேணும். உது மாம்பழப் புட்டு!"

திட்டுத்தான். ஆனாலும் நாலு நாளுக்குப் பிறகு வந்த கதை... காது குளிர்ந்தது.

"தள்ளுங்கோ, நான் செய்யிறன்."

"இல்லை. நீ கதிரையிலை இருந்து சொல்லு. நான்தான் செய்வன்."

விடவில்லை. புதுப் பழம் வெட்டினேன். "பிசையாதேங்கோ, விரல் நுனியாலை பிசறுங்கோ" என்று அவள் கத்தக் கத்தப் பிசறினேன். இந்த முறை பொன்னிறமாகச் சிவந்தது. ஆறவிடாமல் தின்று இரண்டு பேருக்கும் நாக்குச் சுட்டது.

"அப்பா... வாற கிழமை நான் போகவேணும்."

"ஓம். பெட்டி ஒண்டு வாங்குவம்."

இப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலில் அவள் தட்டுத் தட்டாகக் கிரம்பிள் சுடுகிறாள். படம் அனுப்புவாள். வடிவாகத்தான் இருக்கிறது... போனில் சூடு மட்டும் வராது.

நாக்குச் சுட்ட அன்றைக்கு அவளிடம் எல்லாம் கேட்டேன். பெட்டி என்ன நிறம், பஸ் எத்தனை மணிக்கு, ஆர் கூட வருகினம்.

"நீ இல்லாமல் நான் என்னெண்டு இருக்கிறது?" என்பதை மட்டும் கேட்கவில்லை.