ஒல்லிச் சத்தம்

புயல் கடந்துபோன மறுநாள் காலையில், ஓமந்தூர்ப் பக்கம் இருந்த என் சித்தப்பாவின் சவுக்குத் தோப்பு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வெட்டுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்த மரங்கள். விழுந்த சவுக்கை அப்படியே விட்டால் காய்ந்து எடை குறையும், பூச்சி ஏறும், பிறகு எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த வாரத்துக்குள் துண்டு போட்டு வைத்தால் லாரி அனுப்புகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருடைய தோப்பும்தான் விழுந்திருந்தது. மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த வாரம் புது மாப்பிள்ளைகளைப் போல நடந்துகொண்டார்கள். கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் உட்காரமாட்டார்கள்.

அலைந்து பார்த்துவிட்டு, சித்தப்பா தன் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த ஒரு மெஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூடிவிட்ட ஒரு மர டிப்போவிலிருந்து எப்போதோ வாங்கிப் போட்டது. பெயின்ட் உரிந்து, கைப்பிடியில் கோழி எச்சம் காய்ந்து, ஒரு ஆளே தூக்கச் சிரமப்படும் கனத்தில் இருந்தது.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு பம்ப் இன்ஜின், மருந்தடிக்கும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் ஆகியவற்றை ரிப்பேர் பார்ப்பதுதான் அப்பாவின் தொழில். அதற்கு முன்னால் பல வருடம் மெஷினைப் பிடித்துத் தோப்புத் தோப்பாகச் சவுக்கு அறுத்தவர். பழைய மெஷின் என்றால் அவருக்கு ஒரு தனி உற்சாகம். "புதுசு கெட்டா அது கம்பெனிக்காரன் வேலை. பழசு கெட்டாதான் நம்ம வேலை" என்பார்.

பிரித்துப் பார்த்ததில் பிஸ்டனில் கீறல் இல்லை. பிளக்கில் நெருப்பு வந்தது. கார்பரேட்டருக்குள் இருந்த ரப்பர் சவ்வு மட்டும் விரல் பட்டதும் அப்பளம் போல நொறுங்கிவிட்டது. பெட்ரோலை அளந்து உள்ளே விடுவது அந்தச் சவ்வுதான். அந்த மாடலுக்குச் சாமான் தயாரிப்பதை நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார்களாம்.

"விழுப்புரத்துல பழைய சாமான் கடை ஒண்ணு இருக்குது. வேற மெஷினோட சவ்வு எதுனா ஒத்து வருதான்னு பாத்துட்டு வர்றேன்" என்றார் அப்பா.

"பாப்பாவையும் இட்டுக்கினு போங்க" என்றாள் அம்மா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கூரை போனவர்களைத் தங்கவைத்திருந்ததால் எனக்கு லீவு. வீட்டில் இருந்தால் வேலை வாங்குகிற அம்மா, கேட்காமலே ஊருக்கு அனுப்பியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனசு மாறுவதற்குள் கவுனை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் கரன்ட் இன்னும் வரவில்லை. கடைவீதி முழுக்க ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி டப்பா டப்பாவாகத் தேடி, கடைசியில் மருந்தடிக்கும் மெஷினுடைய சவ்வு ஒன்றை எடுத்தார். அப்பா கொண்டுபோயிருந்த பழைய துண்டுகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஓட்டைகள் ஏறக்குறைய ஒத்து வந்தன. கடைக்காரர் மறுபடியும் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். அப்பா, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"கடைக்காரரு இன்னா சொன்னாரு, சொல்லு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஜெபம் ஒப்பிப்பதைப் போல நான் ஒப்பித்தேன். "இது கொஞ்சம் தடிப்பான சவ்வு. கார்பரேட்டருல இருக்குற பெரிய திருகை வழக்கத்தைவிட அரைச் சுத்து கூடத் திறந்து வைக்கணும். இல்லன்னா பெட்ரோலு பத்தாது, சத்தம் ஒல்லியாயிடும், பிஸ்டன் சூடாகிப் புடிச்சிக்கும். புடிச்சிக்கினா அதுக்கு வேற பிஸ்டன் கெடைக்காது."

"பெரிய திருகா, சின்னதா?"

"பெருசுதாம்ப்பா."

அப்பா என் தலையைத் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் பாஸாகிவிட்ட நிம்மதியில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒல்லிச் சத்தம் என்றால் என்ன என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த வருடம் முழுக்க அப்பா எந்த மெஷினைச் சரிசெய்தாலும் என்னை எதிரில் நிற்கவைத்துக்கொள்வார். முழு வேகத்தில் சும்மா ஓடும்போது மெஷின் தொண்டை கட்டியதுபோலக் கரகரவென்று கத்த வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்விடும். கொசு மாதிரி மெல்லிசாகக் கத்தினால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். கத்தல் ஒல்லியாக இருந்தால் நான் கையை உயர்த்துவேன், சரியாக இருந்தால் இறக்குவேன். அப்பா என் கையைப் பார்த்துத் திருகைத் திருப்புவார். எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் தோப்பில் அப்படித்தான் நின்றோம். அப்பா கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்து, சித்தப்பா வாங்கி இழுத்து, ஒருவழியாக மெஷின் உறுமியது. நான் கையை உயர்த்தினேன். அப்பா திருகைத் திறந்தார். மறுபடியும் உயர்த்தினேன். இன்னும் திறந்தார். கரகரப்பு வந்ததும் இறக்கினேன்.

சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாண்ணா இது, முதல்லதான் நல்லாக் கத்துச்சு. பொட்டப்புள்ள கையப் பாத்துக்கினு திருவுறியே. ஜல்தியா குடுண்ணா."

அப்பா மெஷினை ஒரு மரத்தில் வைத்து அழுத்தினார். கரகரப்பு அடங்கி, அறுக்கும் செயின் வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது. சித்தப்பா வாயை மூடிக்கொண்டு மெஷினை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சித்தப்பா அறுத்தார், சித்தி கிளைகளைக் கழித்தாள். அப்பா மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு மரத்தின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாற்றுச் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரில் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் மாறியது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே மெலிந்தது. சித்தப்பா கவனிக்கவில்லை. அவருக்கு அது வேகமாக ஓடுவதாகப் பட்டிருக்கும். நான் அப்பாவைப் பார்த்தேன். இதோ எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பல்லுக்கு அரம் போட்டு முடித்து, ஊதிவிட்டு, அடுத்த பல்லுக்குப் போனார். சத்தம் விசிலாகிவிட்டது. மல்லாட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையை உயர்த்தினேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.  எழுந்து ஓடிச் சித்தப்பாவின் கைக்கடியில் விரலை விட்டு ஸ்விட்சை அணைத்தார்.

தோப்பு திடீரென்று நிசப்தமாகிவிட்டது. மெஷினிலிருந்து கருகல் வாடை வந்தது. அப்பா மூடியைக் கழற்றினார். கார்பரேட்டரைப் பிடித்திருந்த நட்டு ஒன்று அதிர்வில் கழன்று, இடைவெளி வழியாக உள்ளே காற்று போய்க்கொண்டிருந்தது. கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிஸ்டன் நகர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் நகர்ந்திருக்காது என்றார்.

சித்தப்பா வியர்வையைத் துடைத்தபடி அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ இங்கியேதானண்ணா குந்திக்கினு இருந்த. உனக்குக் கேக்கலியா?"

அப்பா நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா முன்னால் வந்து மறுபடியும் கேட்டார். அப்பா நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தார்.

"கேட்டுது, கேட்டுது. இவ எழுந்து வர்றாளான்னு பாத்துக்கினு இருந்தேன்."

சித்தப்பா சிரித்தார். "நல்லா சோதிச்ச போ. என் மெஷினுதான் கெடச்சுதா உனக்கு?"

அப்பாவும் சிரித்தார். அன்றைக்குச் செயினுக்கு அரம் போடும் வேலையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, மாலை வரை மெஷினின் உடம்பில் ஒரு கையை வைத்தபடி சித்தப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அந்த வாரக் கடைசியில் லாரி வந்தது. தோப்பில் பெரும்பகுதி மரம் ஏறியது. மெஷின் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. புயல் முடிந்த அந்த மாதங்களில் பரணில் கிடந்த பழைய மெஷின்கள் எல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்தன. எல்லாவற்றையும் என் கையைப் பார்த்துத்தான் அப்பா சரிசெய்தார்.

காதுக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் பல வருடம் மரம் அறுத்ததில் அப்பாவுக்கு ஒரு காது முழுசாகவும் இன்னொன்று பாதியாகவும் போய்விட்டிருந்தது. அதை நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு அம்மாதான் சொன்னாள். சத்தம் கேட்காத மெக்கானிக்கிடம் யார் மெஷினைக் கொடுப்பார்கள் என்று பயந்து, கூடப்பிறந்த தம்பியிடம்கூட அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால் நான் ஊருக்கே சொல்லிவிடுவேன் என்று என்னிடமும் சொல்லவில்லை. அது நியாயமான பயம்தான்.

தோப்பிலிருந்து திரும்பிய அன்று மாலை அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்தபோது, நடந்ததையெல்லாம் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்பாக்கு எனக்கு முன்னாடியே கேட்டுடுச்சாம்மா. நான் வர்றேனான்னு பாக்கறதுக்குத்தான் கம்முனு குந்திக்கினு இருந்தாராம்."

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெளியே அப்பா கை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நாளைக்கும் கூடவே போ" என்றாள். பரீட்சையில் பாஸானதற்குத்தான் முட்டை என்று நினைத்து, அப்பா உள்ளே வருவதற்குள் அதை முழுசாகத் தின்றுவிட்டேன்.