பக்ஷணம் கழித்துவிட்டுக் கப்பல் ஏறினேன்

சகோதரிகளே, என் சந்தேக புத்தியைப் பகவான் பத்மநாபன் எப்படித் தீர்த்துவைத்தான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து திருவனந்தபுரம் வலியசாலைக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம். அவருக்கு ரங்கூனில் உத்தியோகம் கிடைத்தது. ஆடி மாதக் கடல். எனக்கு வயிற்றில் மூன்று மாதம். போன தடவை தங்கவில்லை. கப்பல் வாந்தியில் குடலே வெளியே வந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இதுவும் போய்விடுமோ என்று அழுதேன்.

என் கணவரின் அண்ணா மனைவி, எனக்கு மன்னி, குழந்தையில்லாதவள், உப்புச்சீடையும் நாரத்தங்காயும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள்.

"தலை சுத்தித்துன்னா வாயில அடக்கிக்கோடி," என்றாள்.

எனக்குத் திக்கென்றது. என்றைக்கும் இல்லாத கரிசனம் இன்றைக்கு எதற்கு? ஏன் என் வயிற்றையே பார்க்கிறாள்? உள்ளே என்ன கலந்தாளோ?

"சுவாமி, இதை நம்பலாமா? யார் வாயாலாவது சொல்லு" என்று வேண்டினேன். அன்றே மாமியாருக்கு நாடி பார்க்க மலையாள வைத்தியர் வந்தார். கப்பல் வாந்திக்கு வழி கேட்டேன்.

"பேடிக்கண்டா. பக்ஷணம் கழிச்சிட்டு கேறியால் மதி," என்றார்.

பயப்படாதே, ஏறினால் போதும் என்பது புரிந்தது. மிச்சம் பகவானே சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் பேச்சில் பக்ஷணம் என்றால் பலகாரம். கழிப்பது என்றால் ஒழிப்பது. முடிச்சைக் கொல்லை வாழையடியில் எறிந்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வாந்தியும் வராது என்று நானே தீர்மானித்து, மதராஸில் பட்டினியாகக் கப்பல் ஏறினேன்.

இரண்டாம் நாள் பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அடிவயிறு இழுத்தது. அவரும் சுருண்டு கிடந்தார். "பத்மநாபா, இந்தக் குழந்தையை மட்டும் விட்டுவிடு" என்று கதறினேன்.

பக்கத்தில் ஒரு கொல்லத்து அம்மாள். வந்ததிலிருந்து என் மூட்டையையே பார்க்கிறாளே என்று அவள்மேலும் எனக்குச் சந்தேகம். அவள்தான் குனிந்தாள்.

"மோளே, பக்ஷணம் கழிச்சோ?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே தூக்கி எறிஞ்சுட்டேனே!"

அவள் விழித்தாள். பிறகு வாயில் கவளம் வைப்பதுபோல் கையால் காட்டினாள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்! வைத்தியரும் சாப்பிட்டுவிட்டு ஏறு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

என்னைச் சரியாகப் படுக்கவைக்க, ஊரிலிருந்து கட்டிவந்த என் படுக்கையின் மடிப்பை அவள் உதறினாள். மஞ்சள் முடிச்சு ஒன்று விழுந்தது. அதே துணி. துவைத்தும் போகாத வாழைக்கறை. உள்ளே புதுச் சீடை, புது நாரத்தங்காய். நான் எறிந்ததை மன்னி எடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி செய்து வைத்திருக்கிறாள். வெட்கத்தில் அழுதுகொண்டே நாரத்தங்காயை வாயில் அடக்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தங்கியது. குழந்தையும் தங்கியது.

யார் வாயாலாவது சொல்லு என்று கேட்டவள், அவன் யார் கையால் கொடுப்பான் என்று நினைக்கவேயில்லை. அன்றிலிருந்து ஒருவரைச் சந்தேகிக்கும்முன் பத்மநாபனைக் கேட்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் வரும்.

ரங்கூனில் பெண் பிறந்ததும் மன்னிக்கு எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "குழந்தை பக்ஷணம் கழிச்சுதா?"