ஏழாவது ஜாடி

எஸ்தரின் கணவர் சாத்தூரிலிருந்து போன் செய்தபோது, கல்லூரி மொட்டைமாடியில் அவளுடைய ஜாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "மாரி டீச்சர், எஸ்தர் போயிட்டா" என்றார். ஐயோ என்று கத்திவிட்டேன். அடுத்த நொடியே மனசு ஏழாவது ஜாடிக்கு ஓடியது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்து வருடம் தாவரவியல் துறையில் ஒரே அறை எங்களுக்கு. ஆமத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் என்றால் அவளுக்கு உயிர் என்பது அவளுடைய ஆய்வு வழிகாட்டியான உங்களுக்கும் தெரியும். கருவேல இலை ஊறிக் கரைந்து அந்தத் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் கிடக்கும். அதை ஜாடிகளில் நிரப்பி, வேலம்பாசி என்ற நீர்ச்செடியை வளர்த்தாள். முகம் சுளித்த முதல்வரிடம், "அழுக்குன்னு சொல்லாதீக சார். இலை கரைஞ்ச சாறு அது. செடிக்கு வெயில்ல குடை பிடிக்குதா, இல்ல வெளிச்சத்தை மறைச்சுச் சோத்துல மண்ணைப் போடுதான்னு பாக்கணும்" என்றாள். குடை என்பதுதான் அவள் கட்சி.

சித்திரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். "ஏ மாரி, தண்ணி ஊத்துறதைத் தவிர ஒண்ணும் செஞ்சிராத. உன் கை சும்மா இருக்காது" என்று சொல்லித்தான் போனாள். இருக்கவில்லையே! என் அப்பா பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கரித்தூள் அரைத்துக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் குடிதண்ணீரையும் கரியில் வடிகட்டித்தான் குடிப்போம். ஏழாவது ஜாடிச் செடி கொஞ்சம் வாடினாற்போல் இருந்தது. பாவமே என்று அந்தத் தண்ணீரையும் கரியில் வடிகட்டி ஊற்றினேன். பளிங்காகத் தெளிந்தது. நாலே நாளில் வெயில் பட்டு நுனியெல்லாம் வெளுத்துப்போனது. பதறிப்போய்ப் பழுப்புத் தண்ணீரையே திரும்ப நிரப்பி, வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் அதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டாள். 'ஏன்?' என்று ஒரு சீட்டு எழுதி ஜாடியில் ஒட்டினாள். மறுபடி படுக்கையில் விழுந்த பிறகும் போனில் அதே கேள்விதான். "மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு? நான் நினைச்சதே தப்போ, மாரி?" நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் குறிப்புகளைக் கட்டுரையாக அனுப்பப் போகிறீர்களாம். தயவுசெய்து ஏழாவது ஜாடியைப் பழுப்புத் தண்ணீர் ஜாடிகளின் கணக்கில் சேர்க்காதீர்கள். குடையைப் பிடுங்கியவள் நான். ஒரு ஜாடியை வைத்து எதையும் முடிவு கட்டாதே என்பாள், தெரியும். ஆனாலும் அவள் நினைத்தது தப்பு என்று அந்த ஜாடி சொல்லவில்லை. அதை அவள் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாள்.

அவள் நினைவாக அந்த ஜாடியை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். செடி புதிதாகத் துளிர்த்திருக்கிறது. சீட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று அவள் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'நான்தான், எஸ்தர்.'