ஆறு பிடிக் கதவு வைத்த வீடு

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நடுவில் ஒரு கதவு, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல், ஜன்னலில் நேராக ஐந்து கம்பி, மழை வந்தால் ஒழுகுகிற ஓடு. இவ்வளவும் இருந்துவிட்டால் அது கௌரவமான வீடு. உள்ளே காற்று வருகிறதா, வெளிச்சம் வருகிறதா என்றெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். அப்படிப்பட்ட சந்தில், 1946ஆம் வருஷம், ரஹீமுன்னிசா வீடு கட்ட வந்தாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அதனால் சந்தில் நடக்கிற எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரஹீமாவின் அத்தா பக்ருதீன், பழைய வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்பு மண்டி வைத்திருந்தார். மற்ற பெண்கள் சொப்பு வைத்து விளையாடின வயதில் அவள் நட்டுக்குப் பொருத்தமான போல்ட்டைத் தேடி விளையாடியிருக்கிறாள். பித்தளையா, பித்தளை முலாமா என்று சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். இவளைக் கட்டிக்கொண்டவர் சௌக்கத் அலி. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. நாள் முழுக்க மூட்டை எண்ணிவிட்டு வருகிறவர், வீட்டில் கொஞ்சம் நிம்மதியை எதிர்பார்த்தார். எண்ணுவதில் அவர் கெட்டிக்காரர்தான்.

உலக யுத்தம் முடிந்தும் சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம். தேக்கு என்ற வார்த்தையை வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். சௌக்கத் அலி இதைச் சாக்காக வைத்து வீட்டை இரண்டு வருஷம் தள்ளிப்போடப் பார்த்தார். அப்போது பார்த்து, யுத்தத்தில் அடிபட்ட ஒரு பழைய சரக்குக் கப்பலைத் துறைமுகத்தில் உடைக்க ஆரம்பித்தார்கள். உடைத்த சாமானில் பாதி பக்ருதீன் மண்டிக்கு வந்து சேர்ந்தது. ரஹீமா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மண்டியில் போய் நின்றாள். விரலை நீட்டி, "அது, அது, அப்புறம் அது" என்றாள். மறுநாள் மூன்று கட்டை வண்டிகள் எங்கள் சந்துக்குள் நுழைந்தன.

முதல் வண்டியில் ஓர் இரும்புக் கதவு. சாதாரணக் கதவு இல்லை. கடல் தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பதற்காகச் செய்தது. சுற்றிலும் ஆறு பிடிகள். ஆறையும் திருகினால்தான் மூடும், ஆறையும் திருகினால்தான் திறக்கும். அதோடு ஒட்டிய இரும்புச் சட்டம் தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரம் எழும்பி நின்றது. உள்ளே போக வேண்டுமானால் காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

குமாரவேல் மேஸ்திரி அதை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"ஏன் பாயம்மா, வூட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்றியா, இல்ல வூடே தண்ணிக்குள்ள போவப்போதா?"

"நீ கட்டுற சொவுரப் பொறுத்தது மேஸ்திரி" என்றாள் ரஹீமா. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் போனார்.

இரண்டாவது வண்டியில் ஆறு வட்ட ஜன்னல்கள், பித்தளை விளிம்போடு. ஒவ்வொன்றின் கண்ணாடியும் ஒரு விரல் கனம். வெளியில் நின்று பார்த்தால் உள்ளே இருப்பவர்களின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். செங்குத்தான இரும்பு ஏணிப்படி ஒன்று. கைப்பிடிக்குப் பதில் சங்கிலி. அடுப்படிக்கென்று ஒரு மேடை வந்தது. அலையில் கப்பல் சாயும்போது பாத்திரம் உருளாமல் இருக்க அதைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குப் பித்தளைக் கம்பி ஓடியது. எங்கள் தண்டையார்பேட்டை எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று நான் ரஹீமாவிடம் எடுத்துச் சொன்னேன். "இதுவரிக்கும் சாயல டீச்சர்" என்றாள்.

மூன்றாவது வண்டியில் வந்ததுதான் பேசும் குழாய். கப்பலின் மேல்தட்டில் நிற்கிற கேப்டன், அடியில் எஞ்சின் அறையில் இருக்கிறவனோடு பேசுவதற்கு. இரண்டு முனையிலும் பித்தளைப் புனல். ஒன்றைக் கூடத்துச் சுவரிலும் மற்றதை அடுப்படிச் சுவரிலும் வைத்துப் பூசச் சொன்னாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. இந்தத் தூரத்தைக் குரலால் கடக்க முடியாத குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் சௌக்கத் அலி சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் டீ கேட்டது யாருக்கும் காதில் விழுந்ததில்லை. குழாய் வந்த பிறகு விழுந்தது.

வீடு எழும்பியது. சந்து சிரித்தது. நாங்கள் எல்லாரும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சிரித்தோம். நங்கூரம் எங்கே என்று கேட்டவர்கள் மட்டும் பதினேழு பேர். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் யோசித்ததாக நினைத்துக்கொண்டார்கள். கார்ப்பரேஷனிலிருந்து வீட்டின் வாசல், ஜன்னல் கணக்கெடுக்க வந்த சுப்பராயன் என்கிற உத்தியோகஸ்தர் அரை நாள் வாசலில் நின்றார். ஜன்னலென்றால் நீளமும் அகலமும் எழுத வேண்டும். வட்டத்துக்கு எதை நீளம் என்று எழுதுவது, எதை அகலம் என்று எழுதுவது? கடைசியில் "துவாரம் ஆறு" என்று எழுதிக்கொண்டு, தேசத்துக்கு வந்த ஆபத்தைத் தடுத்துவிட்ட திருப்தியோடு போனார்.

சௌக்கத் அலி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை, விழுந்துகொண்டிருந்தார். முதல் ஆறு மாதம் தினமும் காலையில் ஒரு தடவை வெளியே விழுந்தார், சாயங்காலம் ஒரு தடவை உள்ளே விழுந்தார். பிறகு கால் பழகிவிட்டது. பழகினது ரொம்பவும் பழகிவிட்டது. துறைமுக ஆபீசிலும் பள்ளிவாசலிலும் டீக்கடையிலும், எந்த வாசலைக் கண்டாலும் கொக்கு மாதிரி காலைத் தூக்கி வைத்து நடக்க ஆரம்பித்தார். ஆபீசில் ஒருவர், "பாய், தரை நல்லாத்தானே கீது?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து ரஹீமாவிடம் முறையிட்டார். அதையும் குழாய் வழியாகத்தான்.

"முட்டிக்கு நல்லதுங்க" என்று பதில் வந்தது.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. அவர்களுடைய ஒரே மகள் அஜீசாவுக்குப் பத்தொன்பது வயதானது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். நான் சொல்லிக் கொடுத்தும் கணக்கு நன்றாக வந்தது. ராயபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜஹாங்கீர், கப்பலில் செகண்ட் ஆபீசர் என்று அவனுடைய தாய்மாமன் அத்தாவுல்லா சொன்னார். அத்தாவுல்லாவுக்குத் தோல் வியாபாரம். ஆனால் பேச்சைக் கேட்டால் இந்து மகா சமுத்திரமே அவருடைய சொந்த நிலம் மாதிரி இருக்கும். சௌக்கத் அலி உடனே நம்பிவிட்டார். இருபது வருஷமாகக் கப்பலுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர்தான். ஆனால் அவர் எண்ணியது மூட்டைகளை, ஆபீசர்களை அல்ல.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவருக்கு வீட்டைப் பற்றி பயம் பிடித்துக்கொண்டது.

"ரஹீமா, அவங்க பெரிய எடம். இதையெல்லாம் பார்த்தா நம்மளப் பைத்தியம்னு நெனைப்பாங்க."

"கப்பல் ஆபீசருக்குக் கப்பல் கதவைப் பார்த்தா பேஜாராவா போவும்?" என்று கேட்டாள் ரஹீமா. ஆனாலும் வட்ட ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்தாள். ஏணிப்படி மேல் போர்வை விழுந்தது. கூடத்துக் குழாயின் புனலில் சௌக்கத் அலி தன் கையாலேயே கம்பிக் காம்பு வைத்த காகிதப் பூங்கொத்தைச் செருகி, தூர நின்று பார்த்து, பூச்சாடி போலவே இருப்பதாகச் சந்தோஷப்பட்டார். கதவை மட்டும் மறைக்க வழியில்லை.

வந்தார்கள். அத்தாவுல்லா இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டு கூடத்துக்குள் ஏறக்குறைய நீந்தி வந்தார். மாப்பிள்ளையின் அம்மா சாபிரா, சட்டத்தில் தடுக்கி, ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். ஜஹாங்கீர் கீழே பார்க்காமலே காலைத் தூக்கி வைத்து அமைதியாக உள்ளே வந்தான்.

நான் அன்று அடுப்படியில் இருந்தேன். சமோசாவுக்கு ஓரம் மடிக்க ஆள் வேண்டும் என்று ரஹீமா கூப்பிட்டிருந்தாள். சாபிரா உள்ளே வந்து அஜீசாவைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், மறுபடி கூடத்துக்குப் போனார். சௌக்கத் அலி கலர் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் மூன்று பேர் மட்டும். உட்கார இடமா இல்லை? அத்தாவுல்லா தேடிப் பிடித்துப் பூங்கொத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுப்படிச் சுவரிலிருந்து அவர் குரல் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போல.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா அக்கா. வூடுதான் கோட்டான் கூடு மாதிரி கீது. பரவால்ல. இவன் எந்தக் கப்பல்னு அந்த டாலி கிளார்க்கு கேட்டா, நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காதே."

"வெங்காயம் உரிக்கிறவன ஆபீசர்னு சொல்லிட்டியே, நாளைக்குத் தெரிஞ்சா?" இது சாபிரா.

"நிக்காஹ் ஆன பொறவு தெரிஞ்சா தெரியட்டும். இன்னா பண்ணிடுவாங்க?"

அப்புறம் மூன்றாவதாக ஒரு குரல், மெல்ல: "மாமா, நான் பண்டாரின்னு சொல்லிடலாமே. சமையல் வேலைல இன்னா அசிங்கம் கீது? பொய் சொல்லித்தான் எனக்கு வெக்கமாக் கீது."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுப்படியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் ரஹீமாவைப் பார்த்தேன். ரஹீமா மகளைப் பார்த்தாள். அஜீசா கையிலிருந்த மாவைத் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லத் தயாராக முகத்தைக்கூட வைத்துக்கொண்டேன். அவளோ, "மூணாவதா பேசுனவருதான் மாப்பிள்ளையாம்மா?" என்று கேட்டாள்.

ரஹீமா புனலருகே போனாள். மூச்சை நன்றாக இழுத்து உள்ளே ஊதினாள். கூடத்தில் பூங்கொத்து புறப்பட்டு அத்தாவுல்லாவின் மடியில் விழுந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டோம். பிறகு, மிகுந்த மரியாதையோடு பேசினாள்:

"சமோசாவுக்கு வெங்காயம் பத்தல. தப்பா நெனைக்காம மாப்பிள்ளையைக் கொஞ்சம் அடுப்படி பக்கம் அனுப்புறீங்களா?"

கூடத்தில் நாற்காலி விழுந்தது. அத்தாவுல்லா, இது வீடா சைத்தான் குகையா என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார். எதிரே இரண்டு கையிலும் சோடா பாட்டிலோடு சௌக்கத் அலி கொக்கு நடையில் உள்ளே வந்துகொண்டிருந்தார். மோதினார்கள். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் விழுந்தார்கள். எட்டு வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டதே என்று சௌக்கத் அலி அப்புறம் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

ஜஹாங்கீர் ஓடவில்லை. சௌக்கத் அலியைத் தூக்கி நிறுத்தினான். சட்டையில் சிந்தின சோடாவைத் துடைத்துவிட்டான்.

"மாமா சொன்னது பொய்ங்க. நான் ஆபீசர் இல்ல, பண்டாரி. மாமா பேசும்போதே தடுத்திருக்கணும், தடுக்கல. மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு அடுப்படி வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் வெளியிலேயே நின்றான். அவன் கண் மேடைமேல் போனது. பித்தளைக் கம்பியைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"இதே மேடைதான் எங்க கப்பல்ல. ஆனா எங்களுது இவ்ளோ பளபளன்னு இல்ல." பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெங்காயம் நெசமாவே வேணுமாங்க?" என்று கேட்டான்.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. நான்தான் என்று ரஹீமா சொல்வாள். அது பொய்; நான் கண்டிப்பான டீச்சர்.

அன்றைக்கு அவர்கள் போய்விட்டார்கள். சௌக்கத் அலி, பொய் சொன்ன குடும்பத்தோடு சம்பந்தமே வேண்டாம் என்று குழாயில் சொன்னார். அஜீசா அடுப்படி முனையிலிருந்து, "பொய் சொன்னது மாமன். நீங்க மாமனுக்கா என்னைக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் குழாயில் டீ கேட்டார். அடுத்த வாரம் சாபிரா தனியாக வந்தார். ஆறு பிடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். ரஹீமா கையைப் பிடித்து, எங்கே கால் வைக்க வேண்டும் என்று காட்டி, உள்ளே அழைத்துப் போனாள். பெரியமேட்டுப் பக்கம் தோல் விலை ஏறிவிட்டதால் நிக்காஹ்வுக்கு வர நேரமில்லை என்று அத்தாவுல்லா சொல்லி அனுப்பினார். அவர் இல்லாமலே பிரியாணி தீர்ந்துபோனது.

இதற்குப் பிறகு எங்கள் சந்தின் ஞானம் திடீரென்று வளர்ந்தது. வட்ட ஜன்னலில் தூசி வராது என்று எங்களுக்கு எப்போதுமே தெரியும் என்று பேசிக்கொண்டோம். நங்கூரம் கேட்டவர்களில் நாலு பேர் பக்ருதீன் மண்டிக்குப் போய் ஒரு ஜன்னல் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். கப்பல் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. நானும் போனேன். ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜஹாங்கீர் கப்பலில் போகிறபோது அஜீசா அம்மா வீட்டிலேயே இருப்பது என்று முடிவானதால், புது ஜோடிக்கு மாடியில் அறை வேண்டியிருந்தது. ஊரில் டிராம் நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரு நாள் காலை சந்தில் மறுபடி கட்டை வண்டிச் சத்தம். குமாரவேல் மேஸ்திரி ஓடி வந்து பார்த்தார். வண்டியில் ஒரு டிராம் பெட்டியின் பக்கவாட்டுப் பலகைகள், கண்ணாடி ஜன்னல்களோடு. மேலே இரண்டு மர பெஞ்சுகள்.

"பாயம்மா, இந்த வாட்டி தண்டவாளம் எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

சௌக்கத் அலி எண்ணிப் பார்த்தார்: பலகை பதினாலு, ஜன்னல் எட்டு, பெஞ்சு இரண்டு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அறை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அஜீசாவும் ஜஹாங்கீரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். சௌக்கத் அலியைக் காணோம். ரஹீமா டீயோடு மாடி ஏறிப் பார்த்தாள். அவர் டிராம் பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெளியே எங்கள் ஒழுகுகிற ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவர் மாதிரி.

"கொஞ்சம் தள்ளி குந்துங்க" என்றாள் ரஹீமா.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.