மூன்றாம் வளைவில் சருகு

குளிர்காலம் வந்தால் என் அக்காவிடம் பேசவே பயமாக இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற பொறுமைசாலி அவள். மலையிலுள்ள சைக்கிள் பாதை என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. நாலு கிலோமீட்டர் மண் பாதை அது. கோடையில் அதைச் செப்பனிட ஒரு டஜன் பேர் வருவார்கள். குளிர் தொடங்கியதும் ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மாமியார் வருகை. மிஞ்சுவது அவளும், தங்கையாய்ப் பிறந்த பாவத்துக்கு நானும்தான்.

காலையில் மண் பனியில் இறுகிக் கிடக்கும், ஓட்டலாம். பத்து மணி வெயிலில் இளகிவிடும். அப்போது ஓட்டினால் சக்கரம் அரையடி இறங்கிப் பாதை உழுத வயலாகிவிடும். அதனால் பத்து மணிக்கு நுழைவில் கயிறு கட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவாள். கயிற்றைக் கண்டதும் நம் ஆட்களுக்குக் குனிந்து நுழையத்தான் தோன்றுமே தவிர, திரும்பிப் போகத் தோன்றாது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வளைவுக் குழியில் தண்ணீர் தேங்கும். அக்கா வாய்க்கால் வெட்டி அதை வடியவிடுவாள். மறுவாரம் போனால், யாரோ ஒரு புண்ணியவான் குழியையும் வாய்க்காலையும் சருகு போட்டு நிரப்பியிருப்பான். சருகு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அடியில் சேறு ஊறும். வருகிறவர்கள் வழுக்குமென்று ஓரமாய் ஒதுங்கி ஓட்ட, பாதை அகன்றுகொண்டே போகும். வாரம் தவறாமல் இதே கூத்து.

"அந்த ஆள் மட்டும் என் கையில சிக்கட்டும், கையை உடைச்சிடுறேன்" என்று அக்கா சாப்பாட்டு மேஜையில் கத்துவாள். எந்த ஆள், என்ன செய்தான் என்று அத்தான் கேட்கமாட்டார், தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

இதற்கிடையில் வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பார்க்க வருவோம், பாதையைக் கவனிக்க ஆளில்லை என்று தெரிந்தால் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அன்று அக்கா சாப்பிடவில்லை. பாதையும் போனால் அவளுக்குக் கடை, வீடு, மறுபடி கடை. அவ்வளவுதான் வாழ்க்கை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் இடுப்பொடிய வேலை செய்தோம். வெள்ளி காலை போய்ப் பார்த்தால், மூன்றாம் வளைவு முழுக்கச் சருகு. மட்டமாகத் தட்டி வேறு வைத்திருந்தது. பக்கத்தில் காலிச் சாக்கோடு அத்தான் நின்றார்.

"ஆபீசர் வர்றாருல்ல, அதான் சுத்தமா நிரப்பிட்டேன். நீ தனியா கஷ்டப்படுறியேன்னு வாரா வாரம் நான்தாம்மா போட்டேன். சொன்னா திட்டுவ."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் வன அலுவலர் மேலே வந்துவிட்டார். காலால் சருகைக் கிளறினார். தண்ணீர் கொப்பளித்தது.

"யார் இதைப் போட்டது? கண்டவங்க வந்து கொட்டிட்டுப் போறாங்கன்னா, இங்க ஆளே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் அக்கா.

எட்டு வருஷம் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டவள், வேலை தெரியாதவளாய் அவர் முன்னால் நின்றாள்.

"வடிகால்ல போய் சருகு போடுவாங்களா? சரி, பாதையை மூடல. பொறுப்புக்கு வேற ஆளைப் போடுங்க. யார் இருக்கீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அத்தான் கையைத் தூக்கினார். "நான் இருக்கேன் சார்."

அலுவலர் அவர் பெயரை எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா முகம் சிவந்து நின்றாள். இனி அவளுடைய பாதையில் அவள் எடுபிடி.

அத்தான் மண்வெட்டியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"நான் பண்ணினது தப்புதான். தண்ணி எந்தப் பக்கமா போகணும், சொல்லு."

இத்தனை வருஷத்தில் அந்தப் பாதையைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.